ரிப்போர்ட்டில் வரிசையாக ‘ஆர்’: சிறுநீர்த் தொற்றுக்கு ஏன் கூட்டு மருந்து?



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் மஃரிப் தொழுகை முடிந்து ஸஃப்புகள் கலைந்த பிறகு, பாப்பிரெட்டிப்பட்டி ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் நான்காக மடித்த ஒரு காகிதம். மதரஸாவில் ஓதியதோடு ஒரு பி.ஏ. பட்டமும் வாங்கி வைத்திருப்பதால், ஆங்கிலத்தில் வரும் காகிதங்கள் என்னிடம் வருவது வழக்கம். வங்கிக் கடிதம் வரும், பாஸ்போர்ட் விண்ணப்பம் வரும், சவூதி வேலை ஒப்பந்தம் வரும். இந்த முறை வந்தது அவருடைய தாயாரின் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்.

“ஹஜ்ரத், இதுல பாதிக்கு மேல ‘ஆர்’னு போட்டிருக்கு. ஒண்ணு ரெண்டுதான் ‘எஸ்’. அதுலயும் ரெண்டு மருந்துப் பேரை ஒட்டி எழுதியிருக்காங்க. ரெண்டைச் சேத்துப் போட்டா வீரியம் ஜாஸ்தியா? அப்படின்னா முதல்லயே ஏன் ரெண்டையும் தரல?”

அவருடைய தாயாருக்கு அறுபது வயதுக்கு மேல். சர்க்கரை நோய் உண்டு. நான்கு மாதத்தில் மூன்று முறை சிறுநீர்த் தொற்று. முதல் இரண்டு முறையும் டாக்டரிடம் போகவில்லை. கடையில் சொல்லி மாத்திரை வாங்கி, எரிச்சல் நின்றதும் மீதியை அலமாரியில் வைத்துவிட்டார்கள். மூன்றாவது முறை குளிர் காய்ச்சலும் இடுப்புக்கு மேலே முதுகு வலியும் வந்தபோதுதான் மருத்துவமனை.

அவர் கேட்ட கேள்விக்கு அன்று எனக்குச் சரியான பதில் தெரியவில்லை. பிறகு எனக்குத் தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தாயாருக்கோ சகோதரிக்கோ இந்தத் தொல்லை இருக்கிறது. வெளியில் சொல்லத்தான் கூச்சம்.

‘ஆர்’ என்றால் என்ன?

சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலை என்ற கிருமி. இது வெளியூரிலிருந்து வருவதல்ல. நம் குடலிலேயே குடியிருப்பது. குடலில் இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. சிறுநீர்ப் பாதைக்குள் ஏறிவிட்டால்தான் எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற உணர்வு, அடிவயிற்று வலி எல்லாம். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் நீளம் குறைவு என்பதால் அவர்களுக்கு இது அதிகம் வருகிறது.

கல்ச்சர் பரிசோதனையில் சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்து, அதன்மேல் ஒவ்வொரு மருந்தாகச் சோதித்துப் பார்க்கிறார்கள். மருந்துக்குக் கிருமி அடங்கினால் ‘எஸ்’. அடங்காமல் வளர்ந்தால் ‘ஆர்’. ‘ஆர்’ என்பது உங்கள் உடம்புக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருளல்ல. அந்தக் கிருமிக்கு மருந்து பலிக்கவில்லை என்று பொருள். இந்த வித்தியாசத்தைப் பலர் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள்.

கத்தரியும் கம்பியும்

ஈ.கோலையைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவர் இடைவிடாமல் கட்டப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பென்சிலின் வகை மருந்துகளும், செஃப் என்று பெயர் தொடங்கும் மருந்துகளும், சுவர் கட்டும் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்கின்றன. வேலை நின்றால் சுவர் இடிந்து கிருமி சாகிறது.

கிருமி சும்மா இருப்பதில்லை. மருந்தை வெட்டிப்போடும் ஒரு நொதியைச் செய்துகொள்கிறது. பீட்டா லாக்டமேஸ் என்று அதற்குப் பெயர். அதை ஒரு கத்தரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்து கொத்தனாரிடம் போய்ச் சேருவதற்கு முன்பே கத்தரி அதை நறுக்கிவிடுகிறது. பென்சிலின் மருத்துவமனைகளில் பரவலாகப் புழங்குவதற்கு முன்பே, 1940-ல், ஆக்ஸ்போர்டில் ஆபிரகாம், செயின் என்ற இரண்டு அறிஞர்கள் இப்படிப்பட்ட ஒரு நொதியைக் கண்டு எழுதிவிட்டார்கள். அதாவது நோயும் மருந்தும் நடத்தும் இந்தப் போட்டி மருந்து பிறந்த நாளிலிருந்தே இருக்கிறது.

இங்கேதான் இரண்டாவது மருந்து வருகிறது. அது கிருமியைக் கொல்ல வருவதல்ல. கத்தரியின் வாயில் போய்ச் சிக்கிக்கொள்ளும் கம்பி போன்றது. கத்தரி மூட முடியாமல் நின்றுவிடும். அந்த நேரத்தில் முதல் மருந்து தன் வேலையை முடித்துவிடும். 1981-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்த ஆக்மென்டின் இந்த வகையில் முதலாவது. அமாக்சிசிலின் கிருமியைக் கொல்கிறது, அதோடு சேர்ந்த கிளாவுலனிக் ஆசிட் கத்தரியை முடக்குகிறது. அந்தத் தாயாரின் ரிப்போர்ட்டில் இருந்த பிப்பரசிலின், டாசோபாக்டம் ஜோடியும் இதே கணக்குதான்.

ஆகவே சகோதரரின் முதல் கேள்விக்குப் பதில் இது: இரண்டு மருந்தைச் சேர்ப்பது வீரியத்தை இரட்டிப்பாக்குவதற்கு அல்ல. ஒன்று வாள், மற்றொன்று கேடயம். கிருமியிடம் கத்தரியே இல்லையென்றால் கேடயம் தேவையில்லை. அதனால்தான் எல்லோருக்கும் முதலிலேயே கூட்டு மருந்து தருவதில்லை.

சென்னையில் பிறந்த ஒரு மருந்து

கத்தரிகளும் ஒரே மாதிரி நின்றுவிடவில்லை. பழைய கத்தரி சாதாரணப் பென்சிலினைத்தான் வெட்டியது. பிறகு, செஃப் வகையின் உயர்ந்த மருந்துகளையும் வெட்டும் கத்தரிகள் வந்தன. ரிப்போர்ட்டில் ‘ஈ.எஸ்.பி.எல்’ என்று அச்சிட்டிருந்தால் இதைத்தான் குறிக்கிறார்கள். நம் நாட்டில் ஈ.கோலை கிருமிகளில் இது மிகப் பரவலாகிவிட்டது. அதனால் மருத்துவர்கள் மெரோபெனம் போன்ற கார்பபெனம் மருந்துகளை அதிகம் கையிலெடுக்க வேண்டியதாயிற்று. அவை கடைசிப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டியவை. அந்தப் பெட்டியை அடிக்கடி திறந்தால் அதுவும் காலியாகும்.

இந்த நெருக்கடிக்கு ஒரு பதில் நம் சென்னையிலிருந்தே வந்தது என்பது பலருக்குத் தெரியாது. சென்னையில் 1992-ல் தொடங்கப்பட்ட ஆர்கிட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், ஏற்கெனவே இருந்த டாசோபாக்டம் என்ற கம்பியில் ஒரு சிறிய மாற்றம் செய்தார்கள். மீதைல் என்ற ஒரு சின்ன வேதித் துண்டை அதில் சேர்த்தார்கள். அதனால் அந்த மூலக்கூறுக்கு ஒரு நேர்மின்னேற்றம் கிடைத்து, கிருமியின் வெளிச்சுவரைத் தாண்டி உள்ளே நுழைவது எளிதாயிற்று. அதன் பெயர் என்மெடாசோபாக்டம். செஃபெபைம் என்ற மருந்தோடு இதைச் சேர்த்தால் ஈ.எஸ்.பி.எல் கிருமியையும் அடக்க முடியும் என்று கண்டார்கள்.

ஆய்வகத்திலிருந்து நோயாளியின் கட்டிலுக்கு வருவதற்குப் பல வருடங்கள் பிடித்தன. 2013-ல் ஐரோப்பாவின் அல்லெக்ரா நிறுவனம் இதை வளர்த்தெடுக்கும் பொறுப்பை ஏற்றது. இதற்கிடையில் ஆர்கிட் நிறுவனமே கடனில் மூழ்கி, திவால் நடவடிக்கைக்குப் போய், 2020-ல் வேறு கைக்கு மாறியது. மருந்து மட்டும் பிழைத்துக்கொண்டது.

சிக்கலான சிறுநீர்த் தொற்றும் சிறுநீரகத் தொற்றும் கொண்ட 1,041 பேரிடம் இந்த ஜோடியைப் பிப்பரசிலின், டாசோபாக்டம் ஜோடியோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். 2022-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவு வெளியானது. நோய் அறிகுறியும் நீங்கி, சிறுநீரில் கிருமியும் ஒழிந்தவர்கள் புதிய ஜோடியில் 100-க்கு 79 பேர், பழைய ஜோடியில் 100-க்கு 59 பேர். 2024 பிப்ரவரி 22 அன்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ இதற்கு ஒப்புதல் கொடுத்தது. அதே ஆண்டில் ஐரோப்பாவிலும் ஒப்புதல் கிடைத்தது, இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கல் கடையில் போய்ப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டாம். இது மாத்திரை அல்ல. சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவருக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரம் ட்ரிப்ஸ் வழியாக, பொதுவாக ஏழு நாள் ஏற்ற வேண்டிய மருந்து. சிறுநீரகம் பலவீனமானவருக்கு அளவு மாறும். சாதாரண எரிச்சலுக்கு உரியதல்ல.

இதற்கும் அடங்காத கிருமி

2010-ல் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. கார்பபெனத்தையும் வெட்டும் என்.டி.எம்-1 என்ற கத்தரி, சென்னையில் எடுத்த 44 கிருமி மாதிரிகளில் இருந்ததாக அந்தக் கட்டுரை சொன்னது. ஹரியானாவிலும், பிரிட்டனிலும்கூட இருந்தது. இந்தக் கத்தரி துத்தநாகத்தைக் கொண்டு வேலை செய்கிறது. கிளாவுலனிக் ஆசிட், டாசோபாக்டம், புதிய என்மெடாசோபாக்டம் எதுவும் இதன் வாயில் சிக்காது.

இதற்கு மருத்துவர்கள் கண்ட வழி வியப்பானது. அஸ்ட்ரியோனம் என்ற மருந்தை என்.டி.எம் கத்தரியால் வெட்ட முடியாது. ஆனால் அதே கிருமியிடம் இருக்கும் ஈ.எஸ்.பி.எல் கத்தரி வெட்டிவிடும். ஆகவே ஈ.எஸ்.பி.எல் கத்தரியை முடக்கும் அவிபாக்டம் அடங்கிய மருந்தை அஸ்ட்ரியோனத்தோடு சேர்த்து ஏற்றுகிறார்கள். தனித்தனியே தோற்கும் மருந்துகள், எதை எதனோடு சேர்ப்பது என்று அறிந்து சேர்த்தால் ஜெயிக்கின்றன. எந்தக் கிருமி, எந்தக் கத்தரி என்று பரிசோதித்துத் தெரியாமல் இதைச் செய்ய முடியாது. செலவும் அதிகம்.

எல்லாக் கூட்டும் நல்ல கூட்டா?

மருந்துகளைச் சேர்ப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு. காசநோய்க்குப் பல மாத்திரைகளைச் சேர்த்துத் தருவது நமக்குத் தெரியும். 1956-ல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வு மையம்தான், இப்படிப்பட்ட கூட்டுச் சிகிச்சையை நோயாளி வீட்டிலிருந்தபடியே எடுத்துக்கொள்ளலாம் என்று உலகத்துக்குக் காட்டியது. அங்கே நோக்கம் வேறு. ஒரு மருந்துக்குத் தப்பிக்கும் கிருமி அடுத்த மருந்தில் மாட்ட வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கே பழகிய கோ-டிரைமாக்சசோல் இன்னொரு வகை. 1968 முதல் புழங்கும் இந்த மாத்திரையில் உள்ள இரண்டு மருந்துகளும் கிருமி ஃபோலிக் அமிலம் தயாரிக்கும் பாதையில் இரண்டு இடத்தில் தடை போடுகின்றன.

இவற்றில் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. நியாயமே இல்லாத ஜோடிகளும் நம் கடைகளில் வெகுகாலம் விற்றன. 2018 செப்டம்பரில் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. நோய்க்குப் பலன் தரும் என்பதற்கு ஆதாரம் இல்லாதவை என்பதே காரணம். ஆன்டிபயாட்டிக் கூட்டுகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. “நல்லா ஸ்ட்ராங்கா ரெண்டும் சேந்த மாத்திரை குடுங்க” என்று நாம் கடைக்காரரிடம் கேட்பது, பூட்டு எது என்று பார்க்காமல் சாவிக்கொத்தை வாங்குவது போல.

சாதாரணச் சிறுநீர்த் தொற்றுக்கு நைட்ரோஃபுரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் போன்ற தனி மருந்துகள் இன்றும் பலருக்குக் கேட்கின்றன. பழைய மருந்து, விலை குறைந்த மருந்து என்று டாக்டரிடம் குறைப்பட்டுக்கொள்ளாதீர்கள். பெரிய மருந்தைப் பிறகு தேவைப்படுபவருக்காக அவர் மிச்சம் வைக்கிறார்.

அமானிதம்

2012-ல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி, ஆன்டிபயாட்டிக்கைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க ஒரு திட்டம் வகுத்தன. ‘சென்னைப் பிரகடனம்’ என்று அது அறியப்படுகிறது. அதை முன்னின்று ஒருங்கிணைத்தவர் சென்னையின் தொற்றுநோய் நிபுணர் டாக்டர் அப்துல் கஃபூர். 2014 மார்ச் முதல் ‘எச்1’ என்ற சட்டப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் அதில் 46 மருந்துகள் இருந்தன. பட்டியலில் உள்ள மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் பதிவேட்டில் எழுதி, மூன்று வருடம் பாதுகாக்க வேண்டும். மாத்திரை அட்டையில் செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருந்தால், டாக்டர் சொல்லாமல் தொடாதே என்று பொருள்.

சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்தை மீறி மருந்து கேட்டு நிற்பது நாம்தான். 2019-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 2,97,000 பேர் மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக உயிரிழந்ததாக உலகளாவிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. நான் பாதியில் நிறுத்திய மாத்திரையால் பழகிய கிருமி என்னோடு நிற்பதில்லை. கழிவறை வழியாக, கை வழியாக, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் போகும். அந்த வகையில் மருந்தின் வீரியம் நம் கையில் கொடுக்கப்பட்ட ஓர் அமானிதம். அதை வீணாக்கினால் இழப்பது நம்மைவிடப் பலவீனமான ஒருவர்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, திரும்பத் திரும்பத் தொற்று வருபவருக்கும், சர்க்கரை நோயாளிக்கும், கர்ப்பிணிக்கும், ஆண்களுக்கும் ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் கல்ச்சருக்குக் கொடுங்கள். மருந்து போட்ட பிறகு கொடுத்தால் கிருமி சரியாக வளராது. சுத்தம் செய்துகொண்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை டாக்டர் ஒரு மருந்தை ஊகித்துத் தொடங்குவார். முடிவு வந்ததும் திரும்பப் போய்க் காட்டுங்கள். மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். பலர் அந்த இரண்டாவது நடையைப் போவதே இல்லை. நம் பகுதியிலிருந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சேலத்துக்கோ ஒரு பஸ் பயணம்தான்.

இரண்டாவது, பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். போன முறை எந்த மருந்துக்கு ‘ஆர்’ என்பது இந்த முறை டாக்டருக்கு வழிகாட்டும்.

மூன்றாவது, எந்தத் தொந்தரவும் இல்லாதபோது சிறுநீரில் கிருமி இருப்பதாக ரிப்போர்ட் வந்தால், பெரும்பாலானவர்களுக்கு மருந்தே தேவையில்லை. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப் பாதையில் அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களும் விதிவிலக்கு. டாக்டர் மருந்து எழுதவில்லையே என்று வேறு இடம் தேடாதீர்கள்.

நான்காவது, குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி, வயதானவர் திடீரென்று பிதற்றுவது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காதீர்கள். கிருமி சிறுநீரகத்துக்கோ இரத்தத்துக்கோ போயிருக்கலாம்.

கூச்சமும் உளூவும்

ஓர் ஆலிமாக இதையும் சொல்லியாக வேண்டும். அந்தச் சகோதரரின் தாயார் தண்ணீரே சரியாகக் குடிப்பதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தண்ணீர் குடித்தால் அடிக்கடி போக வேண்டும், உளூ முறியும், தொழுகை கெடும் என்ற பயம். நம் வயதான பெண்கள் பலர் இப்படி இருக்கிறார்கள். இளைய சகோதரிகள் பஸ் பயணத்திலும் கல்யாண மண்டபத்திலும் நல்ல கழிவறை இல்லை என்பதற்காகக் காலையிலிருந்தே அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் குறைவதும் சிறுநீரை அடக்குவதும் கிருமிக்கு இடம் கொடுப்பவை.

மார்க்கம் இதைக் கேட்கவில்லை. சிறுநீர் நிற்காமல் கசிபவர்களும், குழாய் பொருத்தப்பட்டவர்களும் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் புதிதாக உளூ செய்து தொழலாம் என்ற சலுகை ஃபிக்ஹ் நூல்களில் தெளிவாக இருக்கிறது. நோயாளிக்கு ரமலான் நோன்பிலும் சலுகை உண்டு. எட்டு மணிக்கு ஒருமுறை போட வேண்டிய மருந்தைத் தாமாகவே சஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றிக்கொள்வது நோயை வளர்க்கும், கிருமியைப் பழக்கும். நோன்பை விட்டுப் பிறகு களா செய்யலாம். உங்கள் நிலைக்கு எது பொருந்தும் என்று டாக்டரிடமும் உங்கள் ஊர் ஆலிமிடமும் சேர்த்துக் கேளுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மண்டபத்துக்கு அலங்கார விளக்கு வாங்குவதற்கு முன் பெண்கள் பகுதியில் தண்ணீர் வரும், தாழ்ப்பாள் போடும் கழிவறை இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தத் தாயாருக்கு மருத்துவமனையில் ‘எஸ்’ என்று வந்திருந்த கூட்டு மருந்தையே ட்ரிப்ஸில் ஏற்றினார்கள். காய்ச்சல் இறங்கி, சொன்ன நாள் முழுவதும் மருந்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். அல்ஹம்துலில்லாஹ். இப்போது அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் எப்போதும் இருக்கிறது என்று மகன் சொன்னார். அலமாரியில் மிச்சம் கிடந்த பழைய மாத்திரைகளை எடுத்துப் போட்டுவிட்டாராம்.

நீங்களும் இன்று வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். சிவப்புக் கோடு போட்ட பாதி அட்டை ஒன்று அங்கே இருக்கும். அடுத்த முறை எரிச்சல் வரும்போது அதை எடுத்து விழுங்காமல், தாயாரையோ மனைவியையோ டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போங்கள்.

நோயுற்ற எல்லோருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.